மத்தாப்புப் பெட்டியில் பத்துச் சிலைடுகள்

செல்விக்கும் கண்ணனுக்கும் அப்பா எழுதுவது.

செல்வி, போன தீபாவளிக்கு வந்திருந்தபோது காலிப் பெட்டிகளைக் குப்பையில் போடப் போன நீ நடுவழியில் நின்று என்னிடம் ஒன்று கேட்டாய். "ஏன்ப்பா, சின்னப் பிள்ளையில நானும் கண்ணனும் கம்பி மத்தாப்புப் பெட்டியெல்லாம் சேத்துச் சேத்து உங்களுக்குக் குடுப்போம். ஒரு வருசம் திடீர்னு வேண்டாம்னுட்டீக. ஏன்?" என்றாய். நான் டீ ஆறுகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த வருசம் நான் வேலையை விட்ட அன்றைக்கு லேபில் இருக்கிற பிள்ளைகள், "அண்ணே, இத்தனை வருசத்துல மறக்க முடியாதது ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டார்கள். பக்கத்தில் புது மிசின் ஒன்று பச்சை விளக்குடன் நின்றது. நாங்கள் இரண்டு நாள் நின்று போட்ட சாயத்தை அது தானே போட்டு முடித்துவிடும். எல்லாருக்கும் நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அவர்களுக்குச் சொல்லாததும் இதுதான்.

என் வேலை என்ன என்று உங்கள் இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியாது. கண்ணன் நாலாம் வகுப்பில் 'என் அப்பா கேன்சரை வெட்டுகிறார்' என்று கட்டுரை எழுத, அவன் டீச்சர் என்னை ஆபரேசன் டாக்டர் என்று நினைத்துத் தன் பித்தப்பைக் கல்லுக்கு யோசனை கேட்க வீட்டுக்கே வந்துவிட்டார். உங்கள் அம்மா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தாள். ஆனால் கண்ணன் எழுதியதில் பாதி நிஜம். நோயாளியின் உடம்பிலிருந்து டாக்டர் எடுத்து அனுப்பும் சதைத் துணுக்கை மெழுகில் புதைத்து, அந்த மெழுகுக் கட்டியை மிசினில் மாட்டி, மிக மிக மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சிலைடில் ஒட்டி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்புக்குக் கொடுப்பதுதான் நான் பார்த்த வேலை. வெங்காயத் தோல் இருக்கிறதே, அதன் மேல் சவ்வைவிட மெல்லிசு.

பத்தாவது முடித்து, நாரணாபுரத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் இரண்டு வருசம் லேபிள் ஒட்டினேன். அங்கே படித்த ஒரே பாடம் ஈரம் ஆகாது என்பது. சரக்கு நமத்துப் போனால் அத்தனை பேர் உழைப்பும் வீண். ஃபோர்மேன் காலையில் வந்ததும் கூரையைத்தான் பார்ப்பார், ஆள்களைப் பிறகுதான் பார்ப்பார். அப்புறம் விருதுநகரில் இந்த லேபில் சீசா கழுவச் சேர்ந்தேன். கழுவியவன் மெழுகு ஊற்றினேன், மெழுகு ஊற்றியவன் வெட்டப் பழகினேன். மதுரைக்கு மூன்று மாதம் அனுப்பிப் புது வகைச் சாயம் படித்துவரச் சொன்னார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

லேபின் டாக்டர் மெர்சி அம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்புவாரே, அவர். நாற்காலியில் ஒருநாளும் முதுகு சாய மாட்டார். என் சிலைடு மோசமாக இருந்தால் திட்டவும் மாட்டார். மேசை டிராயரில் ஒரு தீப்பெட்டி வைத்திருப்பார். தட்டில் உள்ள சிலைடுகளில் எது சரியில்லையோ அதன் குறுக்கே ஒரு தீக்குச்சியை வைத்து, தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். திரும்பப் போட வேண்டும் என்று அர்த்தம். காரணம் சொல்ல மாட்டார். எங்கே பிசகியது என்று நானே தேட வேண்டும். முதல் வருசம் என் தட்டு தீப்பெட்டி ஆபீஸ் மாதிரியே இருந்தது.

புது வகைச் சாயம் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சாயத்தில் புற்றுநோய் செல்லைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அது எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்பது சில நேரம் தெரியாது. முக்கியமாகப் பெண்களுக்கு. கர்ப்பப்பையின் உள் சுவரிலிருந்து வந்ததும், கர்ப்பப்பை வாய்க்குள்ளிருந்து வந்ததும் மைக்ரோஸ்கோப்பில் ஒரே முகமாக இருக்கும். வைத்தியமோ வேறு வேறு. கர்ப்பப்பை என்றால் பெரும்பாலும் ஆபரேசன் செய்து எடுக்கப் பார்ப்பார்கள். வாய் என்றால், கட்டி பெரிசாகியிருந்தால், கதிர் சிகிச்சை. நம்ம ஊரில் கரண்டு வைப்பது என்பார்கள். அந்த இடத்தில்தான் புரதத்தைத் தேடுகிறோம். ஒவ்வொரு வகைச் செல்லும் தனக்கென்று சில புரதங்களை வைத்திருக்கிறது. அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டுகிற மருந்து குட்டிச் சீசாவில் வருகிறது. அது ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும். ஒட்டாத இடம் நீலமாகவே நிற்கும். லேபிள் ஒட்டியவனுக்கு இது சுலபமாகப் புரிந்தது. தன் பெட்டியைத் தானே தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற லேபிள்.

இதற்கு முன்னால் சிலைடுகளைக் குக்கரில் அவிக்க வேண்டும். சிரிக்காதீர்கள், வீட்டுக் குக்கர்தான். மெழுகுக்கும், சதை அழுகாமல் ஊற வைக்கிற பார்மலினுக்கும் நடுவில் மடங்கிக் கிடக்கிற புரதம் அந்தச் சூட்டில்தான் முகம் காட்டும். எத்தனை விசில் என்பதில் ஆரம்பத்தில் குழம்பினேன். உங்கள் அம்மாவிடம் கேட்டதற்கு, "பருப்புக்கு மூணு, கறிக்கு அஞ்சு. உங்க கண்ணாடிக்கு எம்புட்டுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றாள். கடைசியில் விசிலை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சாயம் ஒழுங்காக வேலை செய்ததா என்று எப்படி நம்புவது? அதற்குக் கண்ட்ரோல் என்று ஒன்று வைப்போம். கட்டாயம் பழுப்பாக மாறும் என்று தெரிந்த வேறொரு சதைத் துண்டைத் தனிச் சிலைடில் ஏற்றி, நோயாளியின் சிலைடோடு அதே சாயத்தில் ஓட்டுவோம். அது மாறினால் மருந்தும் குக்கரும் சரி. மெர்சி அம்மா அதோடு நிற்க மாட்டார். நோயாளியின் துணுக்கிலேயே நோயில்லாத சாதாரணச் செல்கள் ஓரமாகக் கொஞ்சம் இருக்கும். அவற்றில் சிலவும் நிறம் மாற வேண்டும். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் பக்கத்து வீட்டுக்காரங்க. "பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேட்டீங்களா?" என்பார்.

இப்போது பெட்டி விசயத்துக்கு வருகிறேன்.

துணுக்கு சின்னதாக இருந்தால் மெழுகுக் கட்டியை மிசினில் மறுபடி மறுபடி மாட்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சமப்படுத்தவே பாதிச் சதை போய்விடும். ஆகவே முதல் தடவையே கூடுதலாகப் பத்துச் சிலைடு வெட்டி வைத்துவிடுவேன். பின்னால் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். நல்ல பழக்கம்தான். நீங்கள் கொடுத்த பத்து சென்டிமீட்டர் கம்பி மத்தாப்புப் பெட்டிக்குள் சிலைடு அளவெடுத்த மாதிரி உட்காரும். மேலே நம்பர் எழுதி, பெட்டிகளை சிலைடு காய வைக்கிற எங்கள் சூட்டு அலமாரியின் தலையில் அடுக்கி வைத்தேன். ஏன் அங்கே? நமத்துப் போகக் கூடாதே! மதுரையில் படிக்கும்போது, வெட்டியதைச் சீக்கிரம் சாயம் போடு, நாள்பட்டால் புரதம் மங்கிவிடும், வைத்தே ஆக வேண்டும் என்றால் மெழுகில் முக்கிப் பிரிட்ஜில் வை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பிரிட்ஜ் நிறைய மருந்துச் சீசா. காய்ந்த இடத்தில் இருக்கிற சரக்கு கெடாது என்பது எனக்கு அதற்கும் முன்னால் கையில் ஏறிய பாடம்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாசம், தாயில்பட்டியிலிருந்து ஒரு அம்மாவின் துணுக்கு வந்தது. பேர் வேண்டாம். ஐம்பது வயது இருக்கும். பட்டாசு ஆலையில் திரி வேலை. மாதவிடாய் நின்று இரண்டு வருசம் கழித்துத் திரும்ப ரத்தம் பட்டிருக்கிறது. சுரண்டி எடுத்த துணுக்கு, சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. புற்றுநோய் என்று தெரிந்தது. எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை. பணம் கட்டினால்தான் புரதச் சாயம் போட முடியும், ஸ்கேனும் எடுக்க வேண்டும், உடனே வாருங்கள் என்று மெர்சி அம்மா எழுதிக் கொடுத்தார். நான் இரண்டு தடவை போன் செய்தேன். இந்தா வாரோம் என்றார்கள். வந்தது தீபாவளி கழிந்து நாலாம் நாள்.

கூட வந்தது அவர் புருசனின் தங்கச்சி. ஏன் இவ்வளவு நாள் என்று கவுண்டரில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"தீவாளி லோடு போகாம எங்கிட்டு வர, சார்? ரத்தம் எங்க போயிரும், எங்கூடத்தான இருக்கு. லோடு போயிட்டா திரும்ப வருமா?" என்றார் அந்த அம்மா.

"இவுக இல்லாட்டி சிவகாசியில ஒரு வெடி வெடிக்காது சார். நல்லாக் கேளுங்க" என்றாள் நாத்தனார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மதுரையில ஸ்கேன் எடுத்தாச்சு. கட்டி ரெண்டு இடத்தையும் தொட்டுக்கிட்டு நடுவுல இருக்காம். உங்க ரிப்போர்ட்ட வச்சுத்தான் முடிவு பண்ணுவாகளாம். கரண்டா, ஆபரேசனா, அதை மட்டும் சரியாச் சொல்லிருங்க. எதுன்னாலும் மதினியை நான் இழுத்துக்கிட்டுப் போயிருதேன்" என்றாள்.

நான் அலமாரித் தலையிலிருந்து அந்த நம்பர் பெட்டியை எடுத்தேன். வெட்டி மூன்றரை மாதம் ஆகியிருந்தது. அதை நான் நினைக்கவே இல்லை. கண்ட்ரோல் சிலைடை மட்டும் அன்றைக்குப் புதிதாக வெட்டினேன்.

நாலு வகை மருந்து போட்டோம். அதில் முக்கியமானது ஈ.ஆர். என்று நாங்கள் சொல்லுகிற ஒரு புரதம். கர்ப்பப்பைச் சுவரிலிருந்து வந்த கட்டியில் அது பெரும்பாலும் பழுப்பாக நிற்கும், வாயிலிருந்து வந்ததில் பெரும்பாலும் நிற்காது. அந்த அம்மாவின் சிலைடில் முழுக்க நீலம். மற்ற மூன்றும் தெளிவாக எந்தப் பக்கமும் பேசவில்லை. கண்ட்ரோல் அழகாகப் பழுப்பாகியிருந்தது.

மெர்சி அம்மா வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். "பக்கத்து வீட்டுக்காரங்களும் வெறிச்சுன்னு இருக்காங்களே" என்றார். "ஆனா நாலஞ்சு பேர்தான் இருக்காங்க. அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. குக்கர் சரியா வந்துச்சா?"

"வந்துச்சும்மா. கண்ட்ரோல் நல்லா எடுத்திருக்கு."

நான் சொன்னது இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒன்றைச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு மதுரையில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. பழைய சிலைடாக இருக்குமோ என்று நினைத்தேன். இருக்காது, காய்ந்துதானே இருந்தது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அதைவிடப் பெரிய பயம், மெழுகுக் கட்டியில் மிச்சம் ரொம்பக் கொஞ்சம். சொன்னால் திரும்ப வெட்ட வேண்டும். வெட்டும்போது போய்விட்டால் அந்த அம்மாவைத் திரும்ப மயக்கம் கொடுத்துச் சுரண்ட வேண்டும், அதற்கு யார் காரணம் என்பது தெரிந்துவிடும். டாக்டரம்மா, "வாய்ப் பக்கம்தான் சாயுது. காலையில ஒருதரம் பாத்துட்டு எழுதிர்றேன்" என்று தட்டை ஓரமாக வைத்தார். எந்தச் சிலைடிலும் தீக்குச்சி இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். செல்வி, நீ ஓடி வந்து, "இந்தாங்கப்பா, இந்த வருசம் ஒம்போது பெட்டி" என்று என் மடியில் கொட்டினாய். கையில் எடுத்த பெட்டியைச் சும்மா திருப்பினேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் சிவப்பில் அச்சடித்திருந்தது. வெப்பத்திற்கு அருகில் வைக்க வேண்டாம். இரண்டு வருசம் நான் கையால் ஒட்டிய லேபிளிலும் அதுதான் இருந்தது. மத்தாப்பையே வைக்கக் கூடாது என்கிற இடத்தில் ஒரு மனுசியின் சதையை மூன்றரை மாதம் வைத்திருக்கிறேன். பெட்டி இனிமேல் வேண்டாம்மா என்று உன்னிடம் சொன்னது அப்போதுதான். உன் முகம் சுண்டிப் போனது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை டாக்டரம்மா வருவதற்கு அரைமணி முன்னால் லேபுக்குப் போனேன். அவர் டிராயரைத் திறந்து ஒரு தீக்குச்சியை எடுத்து, அந்த ஈ.ஆர். சிலைடின் குறுக்கே வைத்தேன். அத்தனை வருசத்தில் நான் அந்த டிராயரைத் தொட்டதில்லை.

வந்தவர் பையை வைப்பதற்கு முன்பே பார்த்துவிட்டார். "இதை நான் வைக்கலையே."

"நான் வச்சேம்மா. இது ஆடியில வெட்டுன சிலைடு. சூட்டு அலமாரி மேல இருந்துச்சு."

அவர் உட்கார்ந்தார். முதன்முதலாக முதுகு நாற்காலியில் சாய்ந்ததைப் பார்த்தேன்.

"நேத்துக் கேட்டப்பவே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "மெழுகுக் கட்டியில சதை எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றார்.

"அரிசியில பாதி இருக்கும்மா."

"எத்தனை சீவல் வரும்?"

"அஞ்சு வேணும். வருமான்னு தெரியல."

"சரி, வெட்டுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றார். வேறு யாரையாவது மதுரையிலிருந்து கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை.

அன்றைக்கு வெட்டியதை இப்போதும் விரல் மறக்கவில்லை. மெழுகுக் கட்டியை ஐஸ் மேல் குப்புறப் போட்டேன். புது பிளேடு மாட்டினேன். ஃபேனை நிறுத்தச் சொன்னேன், இல்லையென்றால் சீவல் பறந்துவிடும். கட்டியின் முகம் பிளேடுக்கு மயிரிழை சாய்வாக நின்றாலும் முதல் இரண்டு சுற்றிலேயே சதை ஒரு பக்கமாகத் தேய்ந்து போகும். அதனால் சக்கரத்தைச் சுற்றாமல், இடைவெளியில் தெரிகிற வெளிச்சக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் திருகாணியை நகர்த்தினேன். அதற்கே கால் மணி நேரம். வெளிச்சம் இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் ஒரே அளவாக வந்த பிறகு சக்கரத்தைச் சுற்றினேன். முதல் சீவலில் வெறும் மெழுகு. இரண்டாவதில் ஓரத்தில் ஒரு புள்ளி. மூன்றாவதிலிருந்து சதை முழுசாக வந்தது. மூச்சை விடாமல் நாலு, ஐந்து, ஆறு என்று நாடா மாதிரி தொடர்ந்து வந்தது. ஏழாவது சுருண்டு கிழிந்தது. எட்டாவதில் சதை பாதிதான் இருந்தது. ஒன்பதாவதில் ஒன்றுமே இல்லை.

முழுசாக நாலு, பாதியாக ஒன்று. வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு ஒவ்வொன்றாகச் சிலைடில் ஏற்றினேன். அந்தப் பாதியைச் சாதாரணச் சாயத்துக்கு வைத்தேன், நோய் அதில் இருக்கிறதா என்று உறுதி செய்ய. மற்ற நாலையும் அன்றைக்கே ஓட்டினோம். இந்தத் தடவை கண்ட்ரோல் துண்டைத் தனிச் சிலைடில் போடாமல், அந்த அம்மாவின் சிலைடிலேயே மேல் ஓரத்தில் ஒட்டினேன். குக்கரை அடுப்பிலிருந்து இறக்கியதும் டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார். நான் சிலைடைக் கழுவி வைக்கும்வரை உட்காரவில்லை.

மறுநாள் மத்தியானம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. பிறகு எழுந்து, "நீங்க பாருங்க கருப்பசாமி" என்றார்.

கட்டியின் செல்களில் உட்கருக்கள் எல்லாம் பழுப்பு. ஓரத்தில் நாலஞ்சு பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களும் பழுப்பு. மற்ற மூன்று சிலைடுகளும் அதே பக்கம்தான் பேசின. டாக்டரம்மா மதுரை டாக்டரிடம் போனில் பேசினார். கர்ப்பப்பையிலிருந்து வந்தது என்றே தோன்றுகிறது, ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள் என்றார். முதலில் ஒரு தடவை சாயம் தவறிவிட்டது, அதை லேபிலேயே கண்டுபிடித்தோம் என்பதையும் சொன்னார். யாரால் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரமே ஆபரேசன் நடந்தது. எடுத்த கர்ப்பப்பை எங்களிடமே வந்தது. கட்டி சுவரிலிருந்துதான் கிளம்பி வாய்ப் பக்கம் இறங்கியிருந்தது. பொங்கலுக்குப் பிறகு நாத்தனார் ஏதோ பேப்பர் வாங்க வந்தாள். மதினி எப்படி இருக்கிறார் என்றேன். "அவுகளுக்கென்ன சார், வீட்டுல படுத்துக்கிட்டே என்னை வேலை ஏவுதாக. கரண்டு வச்சிருந்தா கொஞ்சம் அடங்கியிருப்பாக" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். முதல் சாயம் தவறியதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

மெர்சி அம்மா என்னைத் திட்டவில்லை என்று நினைக்காதீர்கள். மதுரைக்குப் போன் பேசி முடித்த அன்றைக்கே ஒரே ஒரு வரி சொன்னார். "பழைய சிலைடுன்னு நினைக்காமப் போட்டது பிசகு. முந்தாநாள் சாயங்காலம் தெரிஞ்சும் வீட்டுக்குப் போனீங்க பாருங்க, அதுதான் தப்பு." மத்தாப்புப் பெட்டிகள் எல்லாவற்றையும் காலிசெய்யச் சொன்னார். அன்றிலிருந்து எந்தச் சிலைடாக இருந்தாலும் வெட்டிய தேதியை எழுதாமல் நான் கீழே வைத்ததில்லை. புது மிசினில் அந்தத் தேதியைத் தட்டினால்தான் மூடியே திறக்கும்படி பிள்ளைகள் செய்து வைத்திருக்கிறார்கள். நல்லது.

அந்த நீலச் சிலைடைக் கழித்துவிடுங்கள் என்றும் அன்றைக்கு மெர்சி அம்மா சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பிய பிறகு அதை எடுத்துக்கொண்டு உடைந்த கண்ணாடித் தொட்டிவரை போனேன். போடவில்லை. கண்ணாடியில் கீறுகிற பேனாவை எடுத்து, வெட்டிய நாள், சாயம் போட்ட நாள், நடுவில் இருந்த இடம், கீழே என் பெயர், இவ்வளவையும் அதன் ஓரத்தில் கீறினேன். அந்த அம்மாவின் நல்ல சிலைடுகள் இருந்த தட்டில் கடைசிப் பள்ளத்தில் அதைச் செருகி, அலமாரியைப் பூட்டினேன்.